கனத்துக்கொண்டே போன விரால்

கலுங்கடிக் கண்மாயில் தவசி பிடித்த விரால் காலையில் தராசில் ஏறியபோது மூன்று கிலோ நூறு கிராம் இருந்தது, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஒரு ஆட்டுக்கிடாயின் கனம் வந்திருந்தது, பொழுது சாய்வதற்குள் அதைக் கிடத்தியிருந்த மேஜையின் நான்கு கால்களும் கரைக்குள் இறங்கிப் பலகை மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. இதைக் கண்டு ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஜெயித்தவன் மீன் கனமாக இருப்பதுதானே முறை என்று சொல்லிவிட்டு, மேஜைக்குப் பதிலாக வேறு என்ன போடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

தவசிக்குக் கண்மாய்க் கரையின் அடியிலேயே பஞ்சர் கடை, கடைக்குப் பின்னால் வீடு. பஞ்சர் ஒட்டுவதோடு, புறவழிச் சாலையில் போகிற கார்களுக்காக வீல் பேலன்ஸ் பார்க்கும் மெஷின் ஒன்றையும் வாங்கிப் போட்டிருந்தார். ஓடும்போது சக்கரம் உதறினால், எந்தப் பக்கம் கனம் குறைகிறது என்று பார்த்து அந்த விளிம்பில் ஒரு சின்ன ஈயக்கட்டியை அடித்துச் சரிக்கட்டுவது அந்தத் தொழில். கனத்தைக் கூட்டிக் கோளாறைச் சரிசெய்வது அவருக்குக் கைவந்த வேலை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கலுங்கடியில் தூண்டில் போட்டி தை மாதம், கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து அடங்கிய பிறகு நடக்கும். விடிந்ததும் தூண்டில் போடலாம், போட்டி நடத்துகிற சங்கத்து விசில் ஊதினால் எடுத்துவிட வேண்டும், யாருடைய ஒற்றை மீன் கனமோ அவருக்கு ஒரு பித்தளை அண்டாவும் மடைச் சுவரில் பெயிண்டால் எழுதிய பெயரும். ஆறு வருஷமாகத் தவசி இரண்டாவது வந்தார். முதலில் வந்தவர் அவர் மனைவி முனீஸ்வரியின் அண்ணன் வில்லாயுதம். வில்லாயுதம் மொத்தம் ஒன்பது அண்டா ஜெயித்து, வீட்டில் வைக்க இடமில்லாமல் நாலைத் தங்கைக்குச் சீராகக் கொடுத்திருந்தார். ஆகவே தவசி தினமும் காலையில் மச்சானுடைய அண்டாவில் இருந்துதான் தண்ணீர் மொண்டு குளித்தார். அண்டாவின் கழுத்தில் 'தூண்டில் போட்டி முதல் பரிசு' என்று வெட்டியிருந்தது. சோப்புப் போடுகிற நேரமெல்லாம் அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். தனக்கென்று ஒரு அண்டா, அதிலிருந்து தலையில் ஒரு சொம்புத் தண்ணீர், இதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

போட்டியும் பரிசும் எல்லா ஊரிலும் இருக்கக்கூடியதுதான். கலுங்கடியில் மட்டும் இருந்தது கைப்பங்கு. ஜெயித்த மீனை ஜெயித்தவர் வீட்டிலேயே அலசிக் குழம்பு வைத்து, அந்த மீனில் கை கூடியவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு போட வேண்டும். நரம்பு கட்டிக் கொடுத்தவர், இரை கொடுத்தவர், இந்த இடத்தில் போடு என்று காட்டியவர் எல்லாரும் கை கூடியவர்கள். ஜெயித்தவர் முதலில் மீன் தலையில் கை வைத்து, கூடிய கைகள் யார் யாருடையவை என்று கூட்டத்துக்கு முன்னால் சொல்வார். ஒருவரும் இல்லையென்றால் 'தனிக்கை' என்பார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அதே மாதிரி கை வைத்துத் தங்கள் கை கூடிய விதத்தைச் சொல்வார்கள். அவர் தனிக்கை என்று சொல்லியிருந்தாலும் இவர்கள் வந்து சொல்லலாம். அதை மறுப்பது பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவது மாதிரி. ஒரு விராலில் எத்தனை துண்டு வரும், கலுங்கடியில் எத்தனை கை கூடியிருக்கும் என்பதில் எப்போதும் இடிக்கும் என்பதால், அந்தக் குழம்பில் பெரும்பாலும் கத்திரிக்காய்தான் மிதக்கும்.

தில்லுமுல்லு இல்லாமலும் இல்லை. முந்தின நாளே மீனைப் பிடித்துக் கூடையில் அடைத்துத் தண்ணீருக்குள் முக்கி வைத்துவிட்டு, விடிந்ததும் நேராக அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர் உண்டு. சந்தையில் வாங்கிய மீனைக் கொக்கியில் மாட்டித் தூக்கியவர் உண்டு. அப்படிப்பட்ட ஒரு மீனைத் தராசில் போட்டபோது அதன் வாயிலிருந்து ஐஸ் கட்டி நழுவி விழ, எடைக்காரர் அரியமுத்து, "கண்மாய்ல ரொம்பக் குளிரோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அரியமுத்து ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். எடை குறைவதைப் பற்றி அவர் அறியாத சங்கதி கிடையாது. கூடுவதைத்தான் அவர் பார்த்ததில்லை.

அந்த வருஷம் தவசி மடைக்குக் கிழக்கே கோரை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோன மண்புழுவையெல்லாம் பொடிக்கெண்டைகள் கொறித்தே தீர்த்துவிட்டன. பக்கத்துக் கல்லில் வில்லாயுதம். அவர் காலடியில் ஈரச்சாக்கு, சாக்குக்குள் அவர் மனைவி வரப்பு வரப்பாக அலைந்து பிடித்துக் கொடுத்த தவளைகள்.

"என்ன மாப்ளே, மீனுக்கெல்லாம் பந்தி முடிஞ்சிருச்சா?" என்றார் வில்லாயுதம்.

"உங்க வேலையப் பாருங்க மச்சான்."

"என் வேலை முடிஞ்சு உக்காந்திருக்கேன். எடை போட வேண்டியதுதான் பாக்கி." பக்கத்தில் கிடந்த தன் விராலைக் காலால் தட்டிக் காட்டினார். பிறகு சாக்குக்குள் கையைவிட்டு ஒரு தவளையை எடுத்துத் தவசியின் மடியில் எறிந்தார். "இந்தா, பொழுது போகலேன்னா இத வச்சு வெளையாடு." எறிந்துவிட்டு, மீனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பக்கம் வேறு ஆள் இல்லை. தவளையைத் திருப்பி அவர் முதுகில் எறியத்தான் தவசிக்கு ஆசை. விசிலுக்கு நேரம் நெருங்கிவிட்டதால் கொக்கியில் மாட்டிக் கோரைக்குள் எறிந்தார். கோரை ஒரு முறை அசைந்தது, தண்ணீர் ஒரு முறை கொப்பளித்தது, நரம்பு விண்ணென்று இழுத்தது. அவர் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரிய விரால். கையில் தூக்கிப் பார்த்தார். வீல் பேலன்ஸ் பார்க்கிறவர் கை. மச்சானுடையதைவிட ஒரு பிடி குறைகிறது என்று கைக்கே தெரிந்துவிட்டது.

சட்டைப்பையில் ஆறு ஈயக்கட்டி இருந்தது. வருஷா வருஷம் போட்டிக்குக் கிளம்பும்போது எடுத்துப் போட்டுக்கொள்வார், வருஷா வருஷம் அப்படியே திரும்பக் கொண்டுவந்து டப்பாவில் போட்டுவிடுவார். அன்றைக்குக் கருவேல மரத்து மறைவுக்குப் போனார், வெறும் பையோடு வெளியே வந்தார்.

வில்லாயுதத்தின் விரால் இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. தவசியுடையது மூன்று கிலோ நூறு. கூட்டம் ஓவென்று கத்தியது. அரியமுத்து முள்ளை ஒரு தரம் பார்த்தார், மீனை ஒரு தரம் பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் "சொல்லுங்க" என்றார். தவசி மீன் தலையில் கை வைத்து, மச்சான் நிற்கிற பக்கம் திரும்பி, தொண்டை கிழிய, "தனிக்கை!" என்றார்.

முள் லேசாக ஏறியது. அரியமுத்து தராசுக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். முள் இறங்கவில்லை.

அப்புறம் கைகள் வர ஆரம்பித்தன. டீக்கடை காசிம் பாய் வந்து, இந்த விராலைக் கோரைக்குள் நிற்க வைத்ததே தான் தினமும் கொட்டிய பரோட்டா மாவுதான் என்றார், முள் ஏறியது. நரம்புக்கு முடிச்சுப் போட்டுக் கொடுத்தது தன் கை என்று ஒருவர் சொன்னார், அந்த முடிச்சுக்கு எச்சில் தொட்டுக் கொடுத்தது தன் கை என்று இன்னொருவர் சொன்னார், தூண்டில் கம்புக்கு மூங்கில் வெட்டிய கை, வெட்டிய அரிவாளுக்குச் சாணை பிடித்த கை, காலையில் எதிரே வந்து நல்ல சகுனம் காட்டிய கை, எதிரே வராமல் ஒதுங்கிப் போய் நல்லது செய்த கை என்று வரிசை கலுங்கு வரைக்கும் நின்றது, ஒவ்வொரு கைக்கும் முள் ஒரு துடிப்புத் துடித்து ஏறியது, கடைசியில் சுற்ற இடமில்லாமல் முள் வளைந்து நின்றது. மீனைத் தராசிலிருந்து இறக்கி மேஜைக்கு மாற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். அந்த நாலு பேரும் தூக்கிய கையோடு தங்களுக்கும் கைப்பங்கு உண்டு என்று சொல்லிவைத்தார்கள்.

வில்லாயுதம் மட்டும் வரிசைக்கு வரவில்லை. "நீங்க கை வைக்கலியா?" என்று காசிம் பாய் கேட்டதற்கு, "அவன் மீனுல எனக்கென்ன பாய்? எங்க வீட்டுல சோறு இருக்கு" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

குழம்புக்கு முனீஸ்வரி புளி கரைத்துவிட்டு, அரிவாள்மணையோடு கரைக்கு வந்தாள். தவசி குறுக்கே விழுந்தார்.

"நீ இரு. நானே அலசுறேன்."

முனீஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், அலசக் கூடாதா?"

"குடிச்ச தம்ளரக் கவுத்தி வச்சதில்ல, மீன் அலசப் போறாகளாம்" என்று மீனைப் பார்த்துச் சொன்னாள். அலச வேண்டிய தேவை அன்றைக்கு வரவில்லை. அதற்குள் மீனைப் புரட்டவே முடியாமல் போயிருந்தது.

மறுநாள் பத்திரிகையில் எட்டாம் பக்கத்தில், 'கண்மாயில் கனக்கும் மீன்: பொதுமக்கள் பரவசம்' என்று செய்தி வந்தது. செய்தி எழுதிய நிருபர் நேரில் வந்து, ஊருக்கு மீனைத் தெரியவைத்தது தன் கை என்று சொல்லி ஒரு துண்டுக்கு வழி செய்துகொண்டார். மீன் கெடவில்லை. கண் தெளிவாக இருந்தது, செவுள் சிவப்பாக இருந்தது, பக்கத்தில் போனால் புதுத்தண்ணீர் வாசம் அடித்தது. கனமுள்ள பொருள் எங்கேயாவது கெடுமா என்றார்கள். மேலே ஷாமியானா போட்டார்கள், மைக் கட்டினார்கள், செருப்பு விட ஒரு இடம், சைக்கிள் விட ஒரு இடம் ஒதுக்கினார்கள். தனியார் பஸ்காரர்கள் கரைக்கு அருகே நிறுத்தி 'விராலெல்லாம் இறங்கு' என்று குரல் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கண்மாய்க்கு வரும் ஓடை தங்கள் ஊர் வழியாகத்தானே வருகிறது என்று சொல்லிக் கை வைத்தார்கள். மீன் அரை முழம் இறங்கியது. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, தவசி ஐந்தாம் வகுப்பில் தன்னிடம்தான் பொறுமையைக் கற்றார் என்றார். தவசி நாலாம் வகுப்போடு நின்றவர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், டீச்சரம்மாவை மறுத்துப் பேச முடியுமா? ஒன்றியச் சேர்மன் காரில் வந்து, இந்தக் கண்மாயைத் தூர்வாரிய தமது கரமே இந்த மீனை வளர்த்த கரம் என்று மைக்கில் சொன்னார். கண்மாய் தூர்வாரிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் மீன் பலகையை முறித்துக்கொண்டு ஒரேயடியாக ஒரு முழம் உள்ளே போனது. இதைச் சேர்மனுக்குக் கிடைத்த மரியாதையாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

தவசிக்கு அந்த நாட்களில் போகிற இடமெல்லாம் உபசாரம். கழுத்தில் மாலை, கையில் ஓசி டீ. மடைச் சுவரில் அவர் பெயரை எழுத ஆள் வந்து, முதல் எழுத்தைச் சிவப்பில் தடவிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். புது அண்டா ஷாமியானாவுக்குள் வெயில் பட்டு மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குழம்பு வைத்துப் பங்கு போட்ட பிறகுதான் அண்டாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது சங்கத்து விதி. தவசி தினமும் வந்து அதை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார்.

கரையின் மறுபக்கத்தில், தவசியின் கடைக்கு நேர் மேலே, முதலில் ஈரம் தட்டியது. பிறகு விரல் பருமனுக்கு நீர் கசிந்தது. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை, கலங்கலாகக் கசிந்தால் கரையின் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம் என்பது கண்மாய்க்குக் கீழே குடியிருக்கிற யாருக்கும் தெரியும். வந்தது கலங்கல். கண்மாயோ கழுத்து வரைக்கும் நிறைந்து நின்றது. மடையைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். அறுப்புக்கு நின்ற நெல்லில் தண்ணீர் ஏறவே, திறந்த கையோடு மூடினார்கள். ஜேசிபி கொண்டுவந்து மீனைத் தூக்கிப் பார்த்தார்கள். ஜேசிபியின் பின்சக்கரம்தான் மேலே தூக்கியது. அப்போதும் ஊர் கலவரப்படவில்லை, ஜேசிபிக்கும் சேர்த்துக் குழம்பில் பங்கு வைக்க வேண்டுமா என்று ஒரு தகராறு நடந்தது.

முனீஸ்வரி மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஜெயித்த வீட்டுக்காரி என்று அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்களையெல்லாம் பார்த்தாள், கை வைத்ததையெல்லாம் பார்த்தாள். ஒரு நாள் ஆடு மேய்க்கிற சூடாமணி கம்போடு வந்து நின்றாள்.

"எனக்கு இதுல ஒண்ணும் கெடையாதுத்தா. சும்மா தொட்டுப் பாக்கலாம்னு வந்தேன். தொடலாமா?"

"தொடு மதினி."

சூடாமணி தொட்டாள். வழுவழு என்று இருக்கிறது என்றாள், போனாள். மீன் அசையவில்லை. அத்தனை கைகளில் மீன் இறங்காமல் இருந்தது அந்த ஒரு கைக்குத்தான். முனீஸ்வரி விசிறியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தவசி மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தார். சுவரில் ஈரம் ஏறி, நாட்காட்டி உப்பியிருந்தது.

"மீனுக்குள்ள என்ன போட்டீக?" என்றாள் முனீஸ்வரி.

"என்ன போட்டேன்?"

"அதத்தான் கேக்குறேன். அலசுறேன்னு வந்தீகளே, அன்னைக்கே நெனச்சேன்."

தவசி சோற்றைப் பிசைந்தார், பிசைந்ததையே பிசைந்தார். "எல்லாரும்தான் சொன்னாக. நான் ஒருத்தன் சொன்னதா இம்புட்டுக் கனம்?"

"எல்லாரும் சொன்னதுக்கு எல்லாரும் பாப்பாக. மொத வாயி உங்களோடதுதான? கரை ஒடைஞ்சா மொத வீடும் நம்மளோடதுதான்."

"பேரு எழுத ஆரம்பிச்சிட்டாகடி. ஒரு எழுத்து எழுதியாச்சு."

"சொவரே இருக்காது. எங்க எழுதுவாக?"

தவசி கையைக் கழுவிவிட்டுக் கரைக்குப் போனார். ஊரே சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். குழிக்குள் குனிந்து, மீன் காதில் சொல்வது மாதிரி, "ஒரு ரெண்டு கட்டி ஈயம் போட்டேன்" என்றார். ஆறைச் சொல்ல வாய் வரவில்லை, இரண்டு என்றால் மீனும் பெரிதுபடுத்தாது என்று நினைத்தார். மீன் இன்னும் நாலு விரற்கடை கீழே போனது. கரையின் மறுபக்கம் தொப்பென்று ஒரு மண்கட்டி விழுந்த சத்தம் கேட்டது. "ஆறு, ஆறு" என்றார் அவசரமாக. மீன் இறங்குவது நின்றது, ஏறவும் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் சொன்னதைக் காதோடு காதாகத் திரும்ப வாங்க முடியாது என்று தவசிக்கு அப்போதுதான் விளங்கியது. மேலே பார்த்தார். மைக் கட்டி இருந்தது. ஒலிபெருக்கிக்காரரும் சாப்பிடத்தான் போயிருந்தார், ஆனால் சுவிட்சை அணைக்காமல் போயிருந்தார்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றார் தவசி. மைக்கைப் பிடித்தால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாலு திசையிலும் கட்டியிருந்த குழாய்களில் அவர் குரல் ஊர் முழுக்கப் போய்ச் சோற்றுத் தட்டுகளில் விழுந்தது. "மீனு வயித்துல ஆறு ஈயக்கட்டி இருக்கு. நான்தான் போட்டேன். வீல் பேலன்ஸ் கட்டி. வேற யாரும் போடல."

ஊர் எச்சில் கையோடு வந்துவிட்டது. முனீஸ்வரி குழிக்குள் குனிந்து, மீன் வாய்க்குள் விரலைவிட்டு ஒவ்வொரு கட்டியாக எடுத்து எல்லாரும் பார்க்க முறிந்த பலகையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஐம்பது என்று அச்சடித்திருந்தது. மீன் ஒரு விரற்கடை மேலே வந்தது. ஒரே ஒரு விரற்கடை.

பிறகு எழுந்த சத்தத்தை இங்கே எழுத வேண்டியதில்லை. ஈயத்தைத் தின்ன வைக்கப் பார்த்தானே என்றார்கள், பெயரை அழி என்றார்கள். நிருபர் தலைப்பை யோசிக்க ஆரம்பித்தார். எழுதுகிற ஆள் ஓடிப்போய் அந்த ஒற்றை எழுத்தின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார். அரியமுத்து மட்டும் குழியையும் பலகையில் கிடந்த கட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவசி கனம் முந்நூறு கிராம். எடுத்தாச்சு" என்றார். "மிச்சக் கனம் யாரோடது?"

சத்தம் அடங்கியது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, எல்லாரும் மீனைப் பார்த்தார்கள். கரையின் மறுபக்கத்தில் நீர் கொட்டுகிற ஓசை அப்போது நன்றாகக் கேட்டது.

காசிம் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "நான் பரோட்டா மாவு கொட்டுனதில்ல" என்றார். "மிஞ்சுனா மறுநாளுக்கு வச்சுருவேன். இதுவும் வெளிய வரணும்னு இருக்கு போல." மீன் கொஞ்சம் ஏறியது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, மறுநாள் பரோட்டாவைப் பற்றி. அதற்குள் அடுத்த கை வந்துவிட்டது. கூட்டிச் சொல்ல வரிசை நின்ற அதே ஊர் இப்போது கழித்துச் சொல்ல வரிசை நின்றது, கலுங்கு வரைக்கும் நின்றது, முடிச்சுப் போடாத கை, எச்சில் தொடாத கை, மூங்கில் வெட்டாத கை, சகுனம் காட்டாத கை என்று ஒவ்வொன்றாக வந்தது, முதலில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னவர்கள் போகப் போக நிமிர்ந்து சொன்னார்கள், யார் கை ரொம்பவும் கூடாத கை என்பதில் போட்டியே வந்துவிட்டது. என்ன சொன்னோம் என்று மறந்துபோனவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் மறுத்தார்கள். தலைமையாசிரியை, "இவன் என் வகுப்புக்கே வரல. வந்திருந்தா இப்படி ஆகியிருக்க மாட்டான்" என்றார். மீன் ஒரு இறக்கம் இறங்கி, இரண்டு ஏற்றம் ஏறியது.

சேர்மன் தன் உதவியாளரை அனுப்பினார். உதவியாளர் சொன்னதை மீன் ஏற்கவில்லை. கடைசியில் அவரே வந்து, காரின் கதவைத் திறந்து வைத்தபடியே, மேற்படி தூர்வாரும் பணி தமது காலத்தில் நடைபெறவில்லை என்று தெரியவருகிறது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மீன் குழியிலிருந்து துள்ளி வெளியே விழுந்தது. உடனே ஆளுக்கொரு கூடையாகக் களிமண் கொட்டிக் குழியை மிதித்து மூடினார்கள். இதில் மட்டும் யாருடைய கை கூடியது என்று எவரும் சொல்லிக்கொள்ளவில்லை. கசிவு சுண்டு விரலாகி, சொட்டாகி, நின்றது.

கமிஷன் மண்டியிலிருந்து வேறு தராசு வந்தது. மீனை வைத்தார்கள். முள் ஐந்து கிலோவில் நின்றது.

"இன்னும் ரெண்டு கிலோ சொச்சம் ஆரோடயோ இருக்கு" என்றார் அரியமுத்து. "வராத ஆளு யாரு?"

வராதவர் என்று ஒருவரும் இல்லை. வெளியூர்க்காரர்கள்கூட வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். முள் நின்ற இடத்தில் நின்றது. வில்லாயுதம் கூட்டத்துக்குப் பின்னால் கருவேல மரத்தில் சாய்ந்து, பல் குத்திக்கொண்டு நின்றார். இந்த மீனில் கை வைக்காத ஒரே ஆள் அவர்தான். அவர் தவசியைப் பார்த்தார். பல் குத்துவதை நிறுத்தவில்லை.

தவசி மச்சானைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்தார். ஈயத்தைச் சொன்னதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. ஈயம் அவருடைய தப்பு, தன் தப்பைத் தான் சொல்லிவிடலாம். இது வேறு. இதைச் சொன்னால் இனிமேல் காலம் பூராவும், ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு காதுகுத்திலும் கேட்டாக வேண்டும். குளிக்கிற அண்டாவோடு இதுவும் சேரும். கரைதான் அடைபட்டுவிட்டதே, ஐந்து கிலோ மீன் ஐந்து கிலோவாகவே இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு யோசனை வந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே முள் ஐந்தைத் தாண்டி மெதுவாக நகர்ந்தது. பலகையில் கிடந்த ஆறு கட்டிகளுக்கு நடுவே முனீஸ்வரி அரிவாள்மணையை வைத்தாள்.

தவசி மீன் தலையில் கை வைத்தார்.

"தனிக்கை இல்ல" என்றார்.

"மைக்குல" என்றார் அரியமுத்து.

தவசி மைக்கைப் பிடித்தார். இந்த முறை வணக்கம் சொல்லவில்லை. "தனிக்கை இல்ல. என் புழுவெல்லாம் தீந்துபோச்சு. இந்த மீனு கடிச்சது தவளை. தவளை, மச்சான் குடுத்தது."

முள் ஒரே ஓட்டமாக இறங்கி, இரண்டு கிலோ எண்ணூறில் வந்து நின்றது. அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் நகரவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த மீனிடமிருந்து மீன் நாற்றம் லேசாக அடித்தது.

வில்லாயுதம் குச்சியைத் துப்பினார். "குடுக்கல. எறிஞ்சேன்" என்றார். ஆனாலும் அவர் முகம் மலர்ந்துபோயிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. இரண்டு தொள்ளாயிரத்து ஐம்பது, அவர் விரால்தான் இப்போது முதல். ஐஸ் பெட்டியில் கிடந்த அதைக் கொண்டுவந்து தராசில் வைத்தார்கள். அண்டாவைத் துடைத்து முன்னால் வைத்தார்கள். பத்தாவது அண்டா.

"சொல்லுங்க" என்றார் அரியமுத்து.

வில்லாயுதம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மீன் தலையில் கை வைத்தார். ஒன்பது வருஷம் சொன்ன அதே 'தனிக்கை', தூக்கத்திலும் வரும். வாயைத் திறந்தார். ஊர் முழுவதும் அவர் வாயைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தது. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து, வரப்பு வரப்பாக அலைந்து தவளை பிடித்த அவர் மனைவி, ஒரே ஒரு இருமல் இருமினாள்.

வில்லாயுதம் வாயை மூடினார். கையை எடுத்தார். எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"முனீசு," என்றார் தங்கையிடம், "புளி கரைச்சு வச்சியே, கெட்டுப் போச்சா, இருக்கா?"

"வேற கரைச்சிருவோம்ணே."

இரண்டு விராலும் ஒரே குழம்பில் போனது. அந்த வருஷம் கத்திரிக்காய் போடவில்லை, தேவைப்படவில்லை. இலை போடுகிற நேரத்தில் யார் யார் கை கூடியது என்று அரியமுத்து கூப்பிட்டுப் பார்த்தார். காசிம் பாய் எழுந்து போய் டீ பாய்லரைத் துடைத்தார், தலைமையாசிரியை வானத்தைப் பார்த்தார். கடைசியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தது மூன்றே பேர்: தவசி, வில்லாயுதம், வில்லாயுதத்தின் மனைவி. ஊர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வில்லாயுதம் தலைத்துண்டை எடுத்து மாப்பிள்ளை இலையில் போட்டார்.

"முள்ளு பாத்துத் தின்னு மாப்ளே. ஈயம் கெடந்தாலும் கெடக்கும்."

"தவளை கெடந்தா என்ன செய்ய மச்சான்?"

"எனக்குப் போடு" என்றாள் வில்லாயுதத்தின் மனைவி. "அது என்னோடது."

இப்போதும் வருஷா வருஷம் தை மாதம் போட்டி நடக்கிறது, பெரிய பெரிய மீனெல்லாம் தராசில் ஏறுகிறது. ஜெயித்தவர் கை வைத்ததும் மனைவியில் ஆரம்பித்துக் கொக்கிக்கடைக்காரர் வரைக்கும் யோசித்து யோசித்துப் பெயர் சொல்கிறார், யாராவது விட்டுப்போயிருந்தால் முள் காட்டிவிடுகிறது. சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுவதால், பெயரை முடிக்காமலே, அண்டாவையும் எடுக்காமல் போய்விடுகிறார். மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். யாரும் எடுக்காத அந்தப் பித்தளை அண்டா பழைய குழி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மழை பெய்தால் நிறைகிறது, சூடாமணியின் ஆடுகள் தண்ணீர் குடிக்கின்றன. தவசி கரைப் பக்கம் வரும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு தடவை யாரும் இல்லாத நேரத்தில் காதைப் பிடித்துத் தூக்கிக்கூடப் பார்த்தார், லேசாகத்தான் இருந்தது. அப்புறம் மெதுவாக, சத்தம் வராமல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மச்சானுடைய அண்டாவில் குளிக்க வீட்டுக்குப் போனார்.